முதலெழுத்துகளும் குறளில் ஒரு 'கோதா'வும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பழைய காவியங்களில் வரிகளின் முதலெழுத்துகளை மேலிருந்து கீழாகக் கோத்தால் ஒளிந்திருக்கும் சொற்கள் கிடைப்பது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை ரசித்துப் படித்தேன். அகப்பட்ட சொல் அத்தனையும் கவிஞரே வைத்தவை என்று கட்டுரையாளர் எடுத்துக்கொண்டதுதான் உறுத்துகிறது.

ஒன்பதாம் குறளைப் பாருங்கள். முதலடி 'கோளில்' என்று தொடங்குகிறது. இரண்டாமடி 'தாளை' என்று. சேர்த்தால் 'கோதா'! ஆண்டாளின் வடமொழிப் பெயர். மல்யுத்தக் களத்துக்கும் அதே பெயர். இறைவன் தாளை வணங்காத தலையைப் பழிக்கும் குறளுக்குள் ஆண்டாள் இருக்கிறாள் என்று யாராவது மேடையேறினால் கைதட்டு நிச்சயம். ஆனால் வள்ளுவருக்கு இதில் பங்கேது? 1330 குறள்கள், ஈரெழுத்துச் சொற்கள் மண்டிய மொழி. இப்படிச் சில விழாமல் இருந்தால்தான் ஆச்சரியம். தவிர, நம் யாப்பில் எதுகைக்காகக் காது தேடிப்போவது அடியின் இரண்டாம் எழுத்தை. ஒரு செய்யுளுக்குள் இன்னொன்றை ஒளித்துவைக்க நினைத்த புலவர்களுக்குக் 'கரந்துறைச் செய்யுள்' என்று தனி வகையே இருந்தது. அணியிலக்கண நூலான தண்டியலங்காரம் அதைச் சித்திரகவிகளோடு (எழுத்து விளையாட்டுப் பாடல்களோடு) சேர்த்துச் சொல்கிறது.

கிரேக்கத்திலும் இதே கதைதான். ஹோமரின் 'இலியட்' காவியத்தில் 24ஆம் காண்டத்து முதல் ஐந்து வரிகளின் முதலெழுத்துகள் 'லெவ்கே' (கிரேக்கத்தில் ஐந்தெழுத்து) என்கின்றன. வெள்ளை என்று பொருள். அங்கே காவிய நாயகன் அக்கிலீஸ் தூக்கமின்றிப் புரண்டு அழுதுகொண்டிருக்கிறான். வெள்ளைக்கு என்ன வேலை? தற்செயல் என்பதே பொருத்தமாகப் படுகிறது. கி.மு. 3ஆம் நூற்றாண்டில் கிரேக்கக் கவிஞர் அரேட்டஸ் விண்ணைப் பற்றிப் பாடியபோதோ, பிறையைச் சொல்லும் இடத்தில் ஐந்து வரிகளின் முதலெழுத்துகள் 'லெப்தே' என்று நிற்கின்றன. மெல்லியது என்று பொருள். முதல் வரியின் முதற்சொல்லும் அதே 'லெப்தே'தான். இப்படிக் கைகாட்டிவிட்டு ஒளித்தால் நம்பலாம். 1960இல் ஒரு பிரெஞ்சு அறிஞர் எடுத்துச்சொன்ன பிறகு இதை மறுப்பவர் அரிது.

ரோமானியக் கவிஞர் வர்ஜிலின் 'ஈனியட்' காவியத்தில் ஏழாம் காண்டத்து 601 முதல் 604 வரையான வரிகளில் 'மார்ஸ்' என்று வருகிறது. ரோமின் போர்க்கடவுள். போர் வாயிலைத் திறக்கும் வழக்கத்தைச் சொல்லும் இடம் அது. மூன்றாம் வரி முடிவதும் அவன் பெயரில்தான். இருந்தும் 1983இல் இதைப் பற்றி எழுதிய லத்தீன் இலக்கிய அறிஞர் ஃபௌலர், தன் குறிப்பின் தலைப்பிலேயே ஒரு கேள்விக்குறி போட்டார். அந்த அடக்கம் எனக்குப் பிடிக்கும்.

ஷேக்ஸ்பியரின் 'நடுவேனில் கனவு' நாடகத்தில் தேவதைகளின் அரசி டைட்டானியா பேசும் வரிகளில் அவள் பெயரே 'ஓ டைட்டானியா' என்று வருகிறது என்பார்கள். ஏழு வரிகள், ஐந்தாவதில் மட்டும் ஓரெழுத்துக்குப் பதில் இரண்டெழுத்து எடுக்க வேண்டும். எனக்கும் நம்பத்தான் ஆசை. ஆனால் தேவைப்படும் இடத்தில் விதியைத் தளர்த்தித்தானே ஷேக்ஸ்பியர் நாடகங்களை உண்மையில் எழுதியவர் பிரான்சிஸ் பேக்கன் என்று வாதிட்டவர்கள், அவற்றிலிருந்து பேக்கனின் கையெழுத்தை வண்டிவண்டியாக எடுத்தார்கள்! சங்கேத நிபுணர்களான ஃபிரீட்மன் தம்பதி 1957இல் ஒரு நூலே எழுதி அவற்றைப் பரிசோதித்தார்கள். ஒன்றும் தேறவில்லை.

இத்தகைய கட்டுரையை இனி வெளியிடும்போது சொல்லை மட்டும் தராமல், அந்த வரிகளை அப்படியே, முன்னும் பின்னும் உள்ள சில வரிகளோடு அச்சிடுங்கள். விரலை வைத்து நாங்களே சரிபார்த்துக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கும்பகோணம்.