ஐந்து கல்லை வீட்டுக்கு எடுத்துப் போங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீடு கட்டுவோருக்காகச் சென்ற இதழில் வந்த ‘செங்கல்லா, சாம்பல் கல்லா’ கட்டுரையைப் படித்தேன். சேலத்தில் 31 வருடமாகக் கட்டட வேலையில் இருக்கிறேன். பாதிக் காலம் கரண்டி பிடித்தேன், மீதிக் காலம் மேஸ்திரி. கட்டுரையில் சொன்னது எதுவும் பொய் இல்லை. ஆனால் கேட்ட கேள்வியே சரியில்லை என்று எனக்குப் படுகிறது.

விலை, பலம், சுற்றுச்சூழல் மூன்றையும் ஒப்பிட்டு, நிலக்கரிச் சாம்பலில் செய்கிற சாம்பல் கல்தான் உசத்தி என்று கட்டுரையாளர் முடித்துவிட்டார். வீடு கட்டுகிறவர் வாசலில் வந்து நிற்பது ஒரு லோடு. அதில் இருக்கிற கல் எப்படி என்பதுதான் அவருக்கு வேண்டும். நல்ல காளவாய்க் கல், அதாவது சூளையில் சுட்ட செங்கல், மோசமான சாம்பல் கல்லைத் தோற்கடிக்கும், மறுபக்கமும் அப்படியே. இரண்டிலும் அடிபட்டவன் என்பதால் சொல்கிறேன்.

முதல் அடி என் சொந்த வீட்டில். 2009இல் அம்மாப்பேட்டையில் கட்டினேன். ஊருக்கெல்லாம் கல் பார்த்து வாங்கிக் கொடுக்கிறவன், என் வீட்டுக்கு மட்டும் பழக்கமான ஒரு சூளைக்காரரை நம்பி, பார்க்காமலே நாலு லோடு இறக்கிவிட்டேன். கண்ணுக்கு நல்ல சிவப்பு. ஒன்றோடு ஒன்று தட்டினால் கணீரென்று சத்தம். இரண்டாவது ஐப்பசி மழை முடிந்து தை பிறந்தபோது, தரையிலிருந்து இடுப்பு உயரத்துக்குச் சுவரில் வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்தது. அப்புறம் பெயிண்ட் தோல் தோலாக உரிந்தது. பூச்சு பொரிந்து விழுந்தது. கல் அறுத்த மண்ணிலேயே உப்பு இருந்திருக்கிறது. அந்த உப்பு சூளையில் வெந்தும் போகவில்லை. சுவரில் ஈரம் ஏறும்போது கரைந்து, காயும்போது வெளியே வந்து உட்காருகிறது. சத்தத்தை மட்டும் கேட்டு வாங்கினால் இது தெரியவே தெரியாது. இன்றைக்கும் அந்தச் சுவரை மறைத்துத்தான் எங்கள் வீட்டில் பீரோ நிற்கிறது.

இரண்டாவது அடி அஸ்தம்பட்டி பக்கம் ஒரு வீட்டில், சாம்பல் கல்லால். இந்தக் கல்லைச் சுடுவதில்லை. நிலக்கரிச் சாம்பலோடு சுண்ணாம்பு அல்லது சிமெண்ட், ஜிப்சம், கிரஷர் துகள் எல்லாம் கலந்து, மெஷினில் அழுத்தி எடுத்து, தண்ணீர் விட்டு விட்டு இறுக வைப்பார்கள். அதற்கு வாரக்கணக்கில் ஆகும். 28 நாள் ஆன கல்லைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்குவேன். எங்களுக்கு வந்ததோ, டிரைவரே வாய்தவறிச் சொன்னபடி, “போன வாரம் போட்ட கல்லுங்க”. கையில் எடுத்தாலே முனை உதிர்ந்தது. திருப்பி அனுப்புங்கள் என்றேன். வீட்டுக்காரர் கிரகப்பிரவேசத்துக்கு நாள் குறித்துவிட்டதால், “பரவாயில்லை, வேலையை ஓட்டுங்க மேஸ்திரி” என்றார். நானும் ஓட்டினேன்; அது என் தப்பு. இந்தக் கல் காயக் காயச் சுருங்கும். களத்தில் கிடந்து சுருங்கியிருக்க வேண்டிய கல், சுவரில் ஏறியபிறகு சுருங்கியது. சித்திரை வெயிலில் பூச்சு முழுக்க முடி முடியாக விரிசல், பீமுக்கு அடியில் ஒரே நேர்கோடாகப் பிளவு. “சாம்பல் கல்லே ஆகாது” என்று அந்த வீட்டுக்காரர் இன்றும் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார். கல்லின் வயது பத்தவில்லை என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

சுற்றுச்சூழலைப் பற்றிக் கட்டுரையாளர் எழுதியதை முழுசாக ஒப்புக்கொள்கிறேன். ஓமலூர் பக்கம் மரவள்ளி போட்டிருந்த காட்டில் மூன்றடி மேல்மண்ணைச் சூளைக்கு விற்றுவிட்டு, அப்புறம் எதுவும் விளையாமல் கரடாகக் கிடந்ததை நானே பார்த்திருக்கிறேன். கோவை தடாகம் பள்ளத்தாக்கில் மண் அள்ளுவது எல்லை மீறிப் போய், 2021இல் அனுமதி இல்லாத சூளைகளை மூடும் அளவுக்குப் போனதும் தெரிந்த கதை. நமக்கோ மேட்டூர் பக்கத்திலேயே இருக்கிறது. 1987இலிருந்து அங்கே அனல்மின் நிலையம் ஓடுகிறது. 2013இல் சேர்ந்த 600 மெகாவாட் அலகையும் கணக்கில் எடுத்தால் மொத்தம் 1,440 மெகாவாட். அத்தனை நிலக்கரியின் சாம்பலும் எங்காவது போயாக வேண்டும். அனல்மின் நிலையத்தைச் சுற்றி இருக்கிற செங்கல் தயாரிப்பில் சாம்பலைச் சேர்க்க வேண்டும் என்று மத்திய அரசு 1999லேயே அறிவிக்கை போட்டது. அதெல்லாம் சரி. ஆனால் அந்த நியாயத்தைச் சொல்லி, போன வாரம் போட்ட கல்லை நம் தலையில் கட்டக் கூடாது.

பலத்தைப் பற்றி ஒரு வார்த்தை. கட்டுரையில் பாதிக்கு மேல் அழுத்த பலம், அழுத்த பலம் என்று எண்கள்தான். இந்தியத் தரக் கணக்கில் சுட்ட செங்கல்லுக்குக் குறைந்தபட்சம் சதுர மில்லிமீட்டருக்கு 3.5 நியூட்டன். பில்லர் இல்லாமல் சுவரே மாடியைத் தாங்கும் வீடு என்றால் அந்த எண்ணைப் பார்க்கத்தான் வேண்டும். பொறியியல் கல்லூரி ஆய்வகங்களில் கட்டணம் வாங்கிக்கொண்டு சோதித்துத் தருகிறார்கள். ஆனால் இப்போது சேலத்தில் நான் கட்டுவது பெரும்பாலும் பில்லர் வீடு. அங்கே பாரத்தைத் தாங்குவது கம்பியும் கான்கிரீட்டும்; கல் நடுவில் நிரப்புவதற்கு மட்டும். பில்லர் வீட்டுக்காரர்கள் என்னிடம் வந்து புலம்புவது ஓதம் (சுவரில் ஏறும் ஈரம்), உப்பு, விரிசல் இந்த மூன்றையும்தான். கல் நொறுங்கிவிட்டது என்று இதுவரை ஒருவரும் வந்ததில்லை.

நம்ம ஊர் வெள்ளைக்கல்லை எடுத்துக்கொள்ளுங்கள். மேக்னசைட் என்கிற அந்தக் கல்லைச் சுட்டுச் செய்கிற உலைக்கல், 1,600 டிகிரியில் கொதிக்கிற எஃகு உலைக்கு உள்சுவராகப் போகிறது. அதை வாங்கும் ஆலை, சோதனைச் சீட்டு இல்லாமல் ஒரு லோடைக்கூட உள்ளே விடாது. ஐம்பது வருடம் குடியிருக்கப் போகிற நாம், லாரிக்காரர் டீ குடித்துவிட்டு வருவதற்குள் 3,000 கல்லை இறக்கிவிடுகிறோம்.

நான் இப்போது செய்வதை எழுதுகிறேன். ஆர்டர் கொடுக்கும் முன் சூளைக்கோ களத்துக்கோ வீட்டுக்காரரையே கூட்டிக்கொண்டு போவேன். அவர்கள் எடுத்துக் கொடுப்பதை வாங்காமல், அடுக்கின் மேலே, நடுவே, அடியே என்று நாமே ஐந்து கல்லைப் பொறுக்கிக்கொண்டு வர வேண்டும். வெயிலில் நன்றாகக் காயவைத்து எடை போட்டு, ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் ஊறப்போட்டு, துடைத்து மறுபடி எடை போட வேண்டும். 3 கிலோ இருந்த கல் 3.6 கிலோவைத் தாண்டக் கூடாது. தாண்டினால் எந்த நிறமாக இருந்தாலும் வேண்டாம். காளவாய்க் கல் என்றால் இன்னும் ஒன்று: ஒரு தட்டில் ஒரு இஞ்ச் தண்ணீர் விட்டு, கல்லை நெட்டுக்குத்தாக நிறுத்தி, தண்ணீர் முழுக்க வற்றும்வரை விட்டுவிடுங்கள். மறுபடி ஒருமுறை அப்படியே. வெள்ளையாகப் பூத்தால் அதுதான் என் வீட்டுச் சுவர். இதற்கு மட்டும் போர் தண்ணீரை ஊற்றாதீர்கள். நம் ஊர் போர் தண்ணீரின் உப்பே பூத்து, பாவம் சூளைக்காரர் மேல் பழி விழும். பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் போதும்.

லாரி வந்தபிறகு பார்ப்பது சுருக்கமான வேலை. பொறுக்கிய கல்லும் வந்த கல்லும் ஒன்றுதானா? நகத்தால் கீறினால் கோடு விழுகிறதா? மூன்றடி உயரத்திலிருந்து மண் தரையில் போட்டால் உடைகிறதா? அவ்வளவுதான். “அண்ணே, சிவப்பு வாங்கறதா, சாம்பல் வாங்கறதா?” என்று சென்ற மாதம் ஒரு தங்கச்சி கேட்டது. “அஞ்சு கல்லு எடுத்துட்டு வாம்மா, சொல்றேன்” என்றேன். அந்தப் பெண் கொண்டுவந்ததில் சாம்பல் கல் தேறியது, சிவப்பு தேறவில்லை. வேறொரு வீட்டில் நேர்மாறாக நடந்திருக்கிறது. எது தேறினாலும் ஒரே சுவரில் இரண்டையும் கலக்காதீர்கள். மிச்சம் விழுந்ததே என்று கலப்பவர்கள் உண்டு. சுட்ட கல் நாளாக நாளாகத் துளி விரியும், சாம்பல் கல் சுருங்கும். சேருமிடத்தில் விரிசல் விடும்.

ஏற்காட்டைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை. கீழேயிருந்து 20 கொண்டை ஊசி வளைவு ஏறித்தான் கல் மேலே போக வேண்டும், வாடகை கல் விலையோடு போட்டி போடும். அதனால் அங்கே உள்ளே காற்றுக் குமிழி நிறைந்த, எடை குறைந்த ஏஏசி பிளாக் கேட்கிறார்கள். செங்கல் சுவரின் எடையில் அது மூன்றில் ஒரு பங்குதான். ஆனால் தண்ணீரை நன்றாகக் குடிக்கும். மாதக்கணக்கில் பனியும் சாரலும் இருக்கிற மலையில் வெளிப்பூச்சு இல்லாமல் ஒரு மழைக்காலம்கூட விடக் கூடாது.

உங்களிடம் ஒரு கோரிக்கை. மாதாமாதம் நீங்கள் போடும் கட்டுமானப் பொருள் விலைப் பட்டியலில் சாம்பல் கல்லுக்கு எதிரே ‘தயாரித்த தேதி கேட்டு வாங்கவும்’ என்று நாலு வார்த்தை சேர்க்க முடியுமா? பால் பாக்கெட்டில் தேதி இருக்கிறது, சிமெண்ட் மூட்டையில் இருக்கிறது. கல் அடுக்கின் மேல் சாக்பீஸில் எழுதிப்போட்டால்கூடப் போதும். கேட்கிறவர்கள் அதிகமானால் தயாரிப்பவர்கள் எழுதித்தான் ஆக வேண்டும்.

இன்னொன்று. கட்டுரையோடு வந்த படத்தில் செங்கல்லின் பள்ளம் கீழே பார்த்தபடி அடுக்கியிருக்கிறார்கள். பள்ளம் மேலே இருக்க வேண்டும், அப்போதுதான் கலவை அதில் நிறைந்து உட்காரும். படத்துக்காக அடுக்கிய சுவர் என்றால் பரவாயில்லை. யாராவது குடியிருக்கப் போகும் சுவர் என்றால், அந்தக் கொத்தனாரிடம் சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு மேஸ்திரி,
அம்மாப்பேட்டை, சேலம்-3