எங்க வீட்டு முயல் கொழுக்கட்ட சார்பா எல்லாருக்கும் நன்றி

இன்னிக்கு காலைல தராசுல 1 கிலோ 790 கிராம்!! கட்டு பிரிச்ச அன்னிக்கு 1 கிலோ 410 தான் இருந்தான், முதுகெலும்ப தடவுனா சீப்பு மாதிரி கையில தட்டும். என்ன நடந்துச்சுன்னு உங்க எல்லாருக்கும் தெரியும், அந்த ராத்திரிய திரும்ப எழுத எனக்கு தெம்பு இல்ல, விட்டுடுறேன்.

பதினொன்ற மணிக்கு போன எடுத்த டாக்டரம்மா, ஒவ்வொரு ஸ்பீட் பிரேக்கர்லயும் ஆட்டோவ உருட்டிக்கிட்டே போன அண்ணன், சமையல் தராச குடுத்துட்டு இன்னும் திருப்பி கேக்காத எதிர்வீட்டு அக்கா, பெங்களூர்லேர்ந்து டிமோத்தி ஹே (முயலுக்கு குடுக்கிற காஞ்ச புல்லு) பார்சல் போட்ட ஃப்ரெண்டு, எனக்காக ஷிஃப்ட் பாத்த ஆபீஸ் மக்கள், எல்லாருக்கும் கோடி நன்றி. ஆனா இந்த மடல எழுத உக்காந்ததே இதப் படிக்கவே போகாத ஒருத்தங்களுக்காக. திருச்சி மலைக்கோட்டை கீழ, மாணிக்க விநாயகர் சன்னதி பக்கம் அருகம்புல் விக்கிற பாட்டி.

பெல்லட்ட (முயல் தீவனக் குச்சி) ஊறவச்சு கூழாக்கி, ஊசி இல்லாத சிரிஞ்சுல, முன்பல்லுக்கு பின்னாடி இருக்கிற இடைவெளில ஓரமா வச்சு ஒவ்வொரு மில்லியா குடுத்துட்டு இருந்தேன், முகத்த நிமித்திட்டா மூச்சுக்குழாய்க்குள்ள போயிடும்னு பயத்துலயே கை நடுங்கும். தானா ஒரு வாய் தின்னல. ஹேய மோந்து பாத்துட்டு திரும்பிக்குவான். அரை நாள் சாப்பிடலன்னாலே முயலுக்கு குடல் நின்னு போற ஆபத்து, அதனால புழுக்கைய எண்ணிக்கிட்டு உக்காந்திருப்பேன் (சிரிக்காதீங்க). வீட்டுக்கு வந்தவங்க எல்லாம் சோறு பெசஞ்சு குடு, வாழப்பழம் குடு, பிஸ்கட் குடு சட்டுன்னு தேறிடுவான்னாங்க, எங்கம்மா உட்பட. டாக்டரம்மா கண்டிப்பா வேணாம்னுட்டாங்க. மாவும் இனிப்பும் உள்ள போய் புளிச்சு வயிறு உப்பிடுமாம், ஏறுற வெயிட்டு புல்லாலதான் ஏறணும், மெதுவா ஏறுனா போதும்னு சொன்னாங்க.

அப்படி ஒரு நாள் வேண்டிக்க போனவதான் அருகம்புல்ல பாத்து நின்னேன். பத்து ரூவாய்க்கு கேட்டேன், மாலையா கட்டா பாப்பான்னாங்க. முயலுக்குன்னேன். நீட்டுன கட்ட அப்படியே திரும்ப கூடைக்குள்ள வச்சுட்டாங்க! கோவம் போலன்னு நெனச்சேன். "இது நேத்து அறுத்தது, ஈரச்சாக்குல கெடந்து சூடேறிருக்கும். சாமி வாடுனத குடுத்தாலும் வாங்கிக்கும், வாயில்லா ஜீவனுக்கு வயித்த வலிச்சா யாருகிட்ட போய் சொல்லும்? நாளைக்கு வா"ன்னாங்க. குமிச்சு வச்ச புல்லு உள்ள வெந்து போய் முயலுக்கு ஆகாதுன்னு எனக்கே அப்புறம்தான் தெரியும்.

மறுநாள் விடியக்கால அறுத்து, தனியா ஒரு துணியில உதறி வச்சிருந்தாங்க. நாலஞ்சு இழைதான் வச்சேன், புதுசு எதையும் ஒரேடியா குடுக்கக்கூடாதுல்ல. மோந்தான். அப்புறம் அந்த நறநற சத்தம் கேட்டுச்சு பாருங்க, அம்மாவும் நானும் சமையக்கட்டுலயே தரையில உக்காந்து அழுதோம்.

ஆறு வாரமா தெனம் ஒரு கட்டு. சங்கடஹர சதுர்த்தி அன்னிக்கு புல்லுக்கு அவ்ளோ அடிதடி, அன்னிக்கும் அந்த துணி மூட்டை காலுக்கு அடியில பத்திரமா இருந்துச்சு. காசு குடுத்தா பாதி நாள் வாங்குறதில்ல. பேரு கேட்டாங்க, கொழுக்கட்டன்னு சொன்னதும் வெத்தல வாயோட சிரிச்சாங்க பாருங்க, "அப்ப பிள்ளையாருக்கு ரெண்டுமே உன் வீட்டுலதான் இருக்கு"ன்னு.

எவ்ளோ வருஷமா அவங்கள தாண்டித்தான் படியேறிருக்கேன், முகத்த கூட பாத்ததில்ல. அடுத்த சதுர்த்திக்கு விடியக்காலமே போய் பக்கத்துல உக்காந்து மாலை கட்டித் தரேன்னு சொல்லிருக்கேன். எனக்கு மல்லிப்பூவே கட்ட வராது. சொல்லித் தரேன், வான்னுருக்காங்க.