என் தம்பிக்கு இருப்பது வெறி இல்லை

ஆசிரியருக்கு வணக்கம்.

போன வாரம் உங்கள் பத்திரிகையில் 'மனநோயாளி வெறிச்செயல்' என்று கொட்டை எழுத்தில் ஒரு தலைப்பு. அந்த ஆள் நல்ல போதையில் இருந்தார் என்பது கடைசிப் பத்தியில்தான் வந்தது; என்ன நோய், மருந்து சாப்பிட்டாரா, ஒன்றும் இல்லை. அன்று சாயங்காலமே எதிர்வீட்டு அக்கா என்னிடம், "உங்க தம்பி மாத்திரை எல்லாம் ஒழுங்கா போடுறானா?" என்று கேட்டார். தம்பிக்குப் பதினேழு வருஷமாக மனச்சிதைவு நோய்.

ஆபத்தே கிடையாது என்று சொல்ல வரவில்லை. மற்றவர்களைவிட இவர்களிடம் வன்முறை ஓரளவு கூடுதல்தான். ஆனால் அதில் பெரும்பங்கு குடியும் கஞ்சாவும் சேரும்போது, அல்லது மருந்து நின்றுபோகும்போது வருவது. பெரும்பாலானவர்கள் யார் மேலும் கை வைப்பதில்லை. 2001-ல் ஏர்வாடி மனநலக் காப்பகத்தில் தீப்பிடித்தபோது சங்கிலியோடு கருகிப்போன 28 பேரும் மனநோயாளிகள்தானே?

சரி, மருந்து ஏன் நிற்கிறது? காதில் குரல் கேட்பது, சந்தேகம் இதெல்லாம் மாத்திரையில் பெரும்பாலும் அடங்கிவிடுகிறது. மறதியும் கவனச்சிதறலும் அவ்வளவாக அடங்குவதில்லை. தம்பி பி.காம். படித்தவன், மூன்று சாமான் வாங்கிவரச் சொன்னால் கடைவாசலில் நின்று போன் பண்ணுவான். காலை மாத்திரை போட்டோமா இல்லையா என்பதே ஞாபகம் இருக்காது, சில நாள் இரண்டு தடவை போட்டுக்கொள்வான், சில நாள் ஒன்றுமே இல்லை. எதிரில் இருப்பவர் சிரிப்பது கேலியா பிரியமா என்று முகத்தைப் பார்த்துப் பிரிக்கவும் தெரியாது. பஸ்ஸில் யாரோ சும்மா சிரித்ததற்குச் சண்டைக்குப் போய், இவன்தான் உதடு கிழிந்து வந்தான். இதுவும் நோயின் பகுதி என்று தெரியாமல் நாங்களே வருஷக்கணக்கில் சோம்பேறி என்று திட்டியிருக்கிறோம். அப்பா இன்னும் திட்டுகிறார்.

மாத்திரையை மறப்பவர்களுக்கு மாதம் ஒரு ஊசி இருக்கிறது என்பதே பத்து வருஷம் கழித்துத்தான் எங்களுக்குத் தெரிந்தது. நினைவுக்கும் கவனத்துக்கும் தனியாகப் பயிற்சி உண்டு என்பது அதற்கும் அப்புறம். டாக்டர் சாரதா மேனன் 1984-ல் தொடங்கிய ஸ்கார்ஃப் என்ற மனநல மையம் மாதிரி ஒன்று சென்னையில் இருக்கிறது, எங்களைப் போல வெளியூர்க்காரர்கள் அதற்காகக் குடி பெயரவா முடியும்?

இனி இப்படிச் செய்தி வந்தால், போதைதான் காரணம் என்றால் தலைப்பிலேயே போதை என்று போடுங்கள். கீழே 14416 என்ற டெலி மானஸ், அதாவது அரசின் மனநல உதவி எண்ணுக்கு ஒரு வரி ஒதுக்குங்கள். இலவச எண்தான், எதிர்வீட்டு அக்காவும் பார்ப்பார்.

ஒரு வாசகி