துளசேந்திரபுரமும் பாயான் லெப்பாசும்

ஆசிரியருக்கு,

2024 அமெரிக்க அதிபர் தேர்தல் வேட்பாளர்கள் பற்றிய உங்கள் ஞாயிறு ஒப்பீட்டில், கமலா ஹாரிஸின் தாய்வழித் தாத்தா ஊரான, தமிழ்நாட்டின் துளசேந்திரபுரத்துக்கே பாதிப் பக்கம் போய்விட்டது. பெருமைதான், சரி. ஆனால் பினாங்கில் இருக்கும் நமக்கு முக்கியம் வரி. இறக்குமதி எல்லாவற்றுக்கும் 10 முதல் 20 விழுக்காடு, சீனப் பொருளுக்கு 60 விழுக்காடு என்று டிரம்ப் வெளிப்படையாகவே சொல்கிறார். அது அவர் பலம். அந்த வரியை வெளிநாடு கட்டும் என்கிறாரே, அதுதான் இடிக்கிறது. கட்டப்போவது இறக்குமதி செய்பவர். ஹாரிஸ் அரசு வழக்கறிஞராக இருந்தவர், மேடையில் எதிராளியை மடக்கத் தெரிந்தவர். அதிபர் பைடன் ஜூலையில் போட்டியிலிருந்து விலகிய பிறகே களத்துக்கு வந்ததால் வணிகக் கொள்கையை விளக்க நேரம் இல்லை. பேச்சைக் கேட்டால் ஆர்வமும் அவ்வளவாக இல்லை.

நான் பாயான் லெப்பாசில் சில்லு (சிப்) சோதனைப் பிரிவில் வேலை செய்கிறேன். 2018இல் டிரம்ப் சீனாவுக்கு வரி போட்ட பிறகு, அங்கிருந்து இடம் மாறி வந்த ஆர்டர்களால் எங்களுக்கு ஐந்து மாதம் விடாமல் ஓவர்டைம். இம்முறை வரி நம் தலையிலும் விழுந்தால்? தேர்தல் நாளான நவம்பர் 5க்குள், இருவரின் வரித் திட்டங்களையும் இங்குள்ள தொழிற்சாலை ஊழியர் பார்வையில் அலசி ஒரு கட்டுரை வெளியிடுங்கள். பூர்வீக ஊர்ப் படம் சின்னதாக இருந்தால் போதும்.

வாசகர்,
பாயான் லெப்பாஸ், பினாங்கு