மாப்பிள்ளையின் 17 இஞ்ச் ஆசை

மான்ட்ரியல்
டிசம்பர் 6

அன்புள்ள அக்கா,

உன் கடிதம் வந்து நாளாகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. இங்கே டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை காருக்குப் பனிக்கால டயர் போட்டே ஆக வேண்டும் என்று சட்டம், அதனால் நவம்பர் முழுக்க ஊரே எங்கள் டயர் கடை வாசலில் நின்றது. வேளைக்குச் சாப்பிடுகிறேன், குளிரும் பழகிவிட்டது. அம்மாவிடம் அப்படியே சொல்.

மாப்பிள்ளை ஸ்விஃப்டுக்கு 17 இஞ்ச் அலாய் சக்கரம் கேட்டு ஒற்றைக்காலில் நிற்கிறான் என்று எழுதியிருந்தாய். இதை அவனுக்குப் படித்துக் காட்டு.

இப்போது வண்டியில் இருப்பது 185/65 ஆர்15, அதாவது டயர் அகலம் 185 மில்லிமீட்டர், பக்கவாட்டு ரப்பரின் உயரம் அதில் 65 சதவீதம், ரிம் 15 இஞ்ச். கடைக்காரர் சொல்வது 205/45 ஆர்17. சக்கரத்தின் மொத்த உயரம் 5 மில்லிமீட்டர்தான் குறையும், ஸ்பீடோமீட்டர் கணக்கும் பெரிதாக மாறாது, அந்த ஆள் பொய் சொல்லவில்லை. ஆனால் ரிம்முக்கும் ரோட்டுக்கும் நடுவே உள்ள ரப்பர் 120 மில்லிமீட்டரிலிருந்து 92 ஆகிவிடும். குழியில் இறங்கும்போது முதல் அடியை வாங்குவது அந்த ரப்பரும் உள்ளே இருக்கும் காற்றும்தான், ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர் எல்லாம் அப்புறம். ரப்பர் வாங்காத அடி சக்கரத்தைப் பிடித்திருக்கும் லோயர் ஆர்மின் ரப்பர் புஷ், பேரிங் என்று மேலே ஏறும், கடைசியில் உன் இடுப்புக்கு வரும். மலிவு அலாய் பெரும்பாலும் கனமாக வேறு இருக்கும். காலில் செங்கல் கட்டிக்கொண்டு ஓடுகிற மாதிரி சக்கரம் மேலும் கீழும் திணறும், ஷாக் அப்சார்பரால் அதை அடக்க முடியாது.

நல்லதும் இருக்கிறது, இல்லை என்று சொல்லமாட்டேன். ஸ்டீயரிங் திருப்பிய உடனே வண்டி திரும்பும், கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவிலும் அவனுக்குக் குஷியாகத்தான் இருக்கும். ஆனால் மழைத் தண்ணீரில் அகல டயர் சீக்கிரம் மிதக்கும், ஸ்டீயரிங் கனக்கும், ரிம் வெளியே தள்ளி உட்கார்ந்தால் முழுசாக ஒடிக்கும்போது உள்ளே உரசும். நம் ஊர் வேகத்தடைக்கு இதெல்லாம் தேவையா?

என் கீழ்வீட்டுக் கிழவருக்கும் இதே பைத்தியம். எழுபதைத் தாண்டியவர், பிரெஞ்சு தவிர ஒரு வார்த்தை தெரியாது, பழைய கால்ஃப் காருக்கு 18 இஞ்ச் சக்கரம் மாட்டியிருக்கிறார். பனி உருகி ரோடெல்லாம் குழியாகும் ஏப்ரலில் வளைந்த ரிம்மோடு வந்து நிற்பார். குளிர்காலத்தில் மட்டும் அவரும் 15 இஞ்ச் இரும்பு ரிம்முக்கு இறங்கிவிடுவார், ஒல்லி டயர்தான் பனியை அழுத்திக்கொண்டு போகும். 205/55 ஆர்16 போட்ட வண்டிகளுக்கு நாங்கள் 195/65 ஆர்15 மாட்டுவதும் அதனால்தான், உயரம் ஏறக்குறைய அதேதான். கழற்றிய அலாய்களைத் துடைத்துச் சமையலறையில் அடுக்கிவைத்து, என்னைக் கூப்பிட்டுக் காட்டுவார். ஞாயிற்றுக்கிழமை என் கதவைத் தட்டுகிற ஆள் அவர் ஒருவர்தான். பட்டாணி சூப் கொண்டுவருவார், உப்பு மட்டும்தான் இருக்கும்.

என் வண்டியைக் கொடுத்துவிட்டேன், பனியைத் தோண்டித் தோண்டி எடுக்க அலுப்பாக இருக்கிறது. மெட்ரோதான் சௌகரியம்.

போன வாரம் ஒருவர் தள்ளுவண்டிச் சக்கரத்து ட்யூபைக் கொண்டுவந்தார். எங்கள் கடையில் ட்யூபே பார்க்க முடியாது. தொட்டியில் முக்கினேன், குமிழி வந்தது, அப்பா கடையில் நீயும் நானும் குமிழி எங்கே வருகிறது என்று போட்டி போடுவோமே, அப்பா சொல்யூஷன் தடவி ஊதிக்கொண்டே இருப்பாரே. பஞ்சர் போட்டு முடித்த பிறகும் கொஞ்ச நேரம் தொட்டியிலேயே கை வைத்துக்கொண்டு நின்றேன், முதலாளி கூப்பிட்டதுகூடக் காதில் விழவில்லை. ஊருக்கு வரணும் அக்கா. சரி, விடு.

அந்தக் கடை இடத்தை விற்கச் சித்தப்பா அவசரப்படுவதாக எழுதியிருக்கிறாய். நான் வரும்வரை அம்மா எதிலும் கையெழுத்துப் போட வேண்டாம். பட்டாவில் பெயர் மாறிவிட்டதா என்று மாமாவை வி.ஏ.ஓ.விடம் கேட்கச் சொல், பத்திரத்தின் நகல் ஒன்று எனக்கு வேண்டும். இந்த மாதப் பணம் பொங்கலை ஒட்டித்தான் வரும், பேங்கில் ஏதோ தாமதம். மாப்பிள்ளை அலாய்க்குச் சேர்த்த காசில் அம்மாவின் கண் ஆபரேஷனை இப்போதே முடித்துவிடுங்கள், அவன் காசை நான் திருப்பித் தருகிறேன். அவனுக்கு டயர் தேய்ந்திருந்தால் அதே அளவில் நல்லதாக நான்கு வாங்கி, அலைன்மென்ட் பார்க்கச் சொல். எந்த டயர் என்று எனக்கு போன் பண்ணிக் கேட்கட்டும்.

அன்புடன்,
உன் தம்பி