வெள்ளவத்தைக் கோபுரத்தில் இரட்டை யாகி: ஒரு நன்றி மடல்

அன்புடையீர்,

கொழும்பு வெள்ளவத்தையில் எமது வீட்டு மொட்டை மாடியில் நிற்கும் கோபுரத்தின் உச்சியில், 144 மெகாஹேர்ட்ஸ் வானொலி அலைப் பட்டைக்கான இரண்டு யாகி அன்டெனாக்கள் (நீண்ட தண்டில் வரிசையாகக் குறுக்குக்கம்பிகள் பூட்டிய, ஒரு திசையை நோக்கும் வகை) ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிவிட்டன. இவ்வகை அன்டெனாவின் ஆய்வில் பெரும்பகுதி உழைப்பு ஷிந்தாரோ உடா என்பவருடையது. ஆயினும் அது அவருடைய பேராசிரியர் ஹிதெட்சுகு யாகியின் பெயரோடுதான் ஒட்டிக்கொண்டிருக்கிறது. என் வீட்டைக் கடந்து போவோரும் இப்போது "உங்கட அன்டெனா" என்றுதான் சொல்கிறார்கள். அது யார் யாருடையது என்பதை எழுதிவைப்பதற்கே இம்மடல். பெயர் வேண்டாம் என்று பலரும் கேட்டுக்கொண்டமையால், செய்த வேலையைக் கொண்டே அவர்களைக் குறிப்பிடுகிறேன்.

முதல் நன்றி நீர்கொழும்பில் இருக்கும் மூத்த அமெச்சூர் வானொலியாளருக்கு (உரிமம் பெற்று, பொழுதுபோக்காக வானொலியில் பேசுபவருக்கு) உரியது. இரண்டு அன்டெனாக்களுக்கும் இடையில் எவ்வளவு தூரம் விடுவது என்று நான் மனம்போன போக்கில் இரண்டு மீற்றர் எனக் குறித்து வைத்திருந்தேன். அவர் ஒரு கடிதவுறையின் பின்புறத்தில் கணக்கைப் போட்டுக் காட்டினார். எமது ஒன்பது குறுக்குக்கம்பி யாகியின் கதிர் செங்குத்துத் தளத்தில் ஏறத்தாழ 44 பாகை விரிகிறது. அந்த விரிவின் பாதியான 22 பாகையின் சைன் பெறுமானத்தை இரண்டால் பெருக்கி, வரும் விடையால் அலைநீளமான 2.08 மீற்றரை வகுத்தால் கிடைப்பது 2.78 மீற்றர். கிட்ட வைத்தால் பலன் குறையும், எட்ட வைத்தால் பக்கக் கதிர்கள் பெருகும் என்று அவர் விளக்கியபோது, என் இரண்டு மீற்றரை நானே அழித்துவிட்டேன்.

கேபிள் விடயத்திலும் அவரே என்னைக் காப்பாற்றினார். வானொலிக் கருவி எதிர்பார்ப்பது 50 ஓம் மின்மறுப்பு; இரண்டு 50 ஓம் அன்டெனாக்களை நேரடியாகச் சமாந்தரமாக இணைத்தால் அது 25 ஓம் ஆகிவிடும் என்பதால், ஒவ்வொன்றிலிருந்தும் கால் அலைநீளத்தின் ஒற்றைப்படை மடங்கு நீளமான 75 ஓம் கேபிளைக் கொண்டுவந்து சேர்ப்பது வழக்கம். அப்போது சந்திப்பில் சுமார் 56 ஓம் கிடைக்கும், அது போதும். நடுக்கம்பியைச் சுற்றிப் பொலித்தீன் நிரப்பிய சாதாரண கேபிளில் அலையின் வேகம் ஒளியின் வேகத்தில் 0.66 பங்கு; ஒன்பது கால் அலைநீளத்துக்கு 3.09 மீற்றர் வரும். புறக்கோட்டையில் ஒரு கடையில் "இதுவும் அதேதான்" என்று தந்த சுருளோ நுரை நிரப்பியது, அதில் வேகம் வேறு. கத்தரிக்கோலை நான் கையில் எடுத்திருந்த வேளையில், அளந்து பார்த்த பிறகு வெட்டும்படி அவர் தன் கருவியோடு வந்து சேர்ந்தார்.

பஞ்சிகாவத்தையில் பட்டறை வைத்திருக்கும் வெல்டிங் பாஸுக்குத் தமிழ் அவ்வளவாக வராது, எனக்குச் சிங்களம் கடைக்குப் போகும் அளவுக்குத்தான். ஆயினும் தண்ணீர்க் குழாயைத் தண்டாக நிறுத்தும் என் சிக்கன யோசனையை அவர் ஒரு தலையசைப்பிலேயே மறுத்துவிட்டு, தடித்த சுவருடைய நாகம் பூசிய குழாயைத் தேடித் தந்தார். அதன் அடியில் மழைநீர் வடியச் சிறு துளை இட்டதும், கடற்காற்றுக்கு நட்டுகள் இறுகிப் போகாமல் கிறீஸ் பூசியதும் நான் கேளாமலே அவர் செய்தவை.

இனி, எனக்கு வெட்கத்தையும் மகிழ்ச்சியையும் ஒருங்கே தந்த பகுதி. இரண்டு அன்டெனாக்களும் ஏறி, கேபிள்கள் இணைந்து, மீற்றரில் எதிரொளிப்பு அளவு (அன்டெனா ஏற்காமல் திருப்பி அனுப்பும் வலு) மிகக் குறைவாக நின்றபோது நாங்கள் பிளேன்டீ குடித்துக் கொண்டாடினோம். ஆனால் நீர்கொழும்பிலிருந்து வந்த சோதனைச் சமிக்ஞை, ஒற்றை யாகியில் கேட்டதைவிட மோசமாகக் கேட்டது. மூன்று மணித்தியாலம் இணைப்பிகளைக் கழற்றிப் பூட்டினோம். கோபுரத்தின் கீழே கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்ற பல்கலைக்கழக மாணவிதான் அண்ணாந்து பார்த்துக் கேட்டாள்: "அங்கிள், ரெண்டு பெட்டியும் ஏன் ஒண்டை ஒண்டு பாத்துக்கொண்டு நிக்குது?"

கேபிள் வசதிக்காக மேல் அன்டெனாவின் இணைப்புப் பெட்டி கீழ்நோக்கியும், கீழ் அன்டெனாவினது மேல்நோக்கியும் இருக்கும்படி பூட்டியவன் நானே. ஒன்றைக் கவிழ்த்ததால் கேபிளின் நடுக்கம்பி ஒன்றில் வலப்பக்கத்தையும் மற்றதில் இடப்பக்கத்தையும் தொட்டது. ஒன்று தள்ள மற்றது இழுக்க, அடிவானத்தை நோக்கிப் போக வேண்டிய கதிர் அங்கேயே ஒன்றையொன்று அழித்துக்கொண்டது. தனித்தனியே பார்த்தால் இரண்டும் பழுதற்றவை என்பதால் மீற்றரும் குறை சொல்லவில்லை. மறுநாட் காலை கீழ் யாகியைத் திருப்பிப் பூட்டினோம். அந்த மாணவி அடுத்த மாதம் அமெச்சூர் உரிமத்துக்கான பரீட்சை எழுதுகிறாள். என் புத்தகங்கள் முழுவதும் இப்போது அவளிடம்தான்.

இரண்டு முறையும் இடுப்புப் பட்டியோடு ஏறிய தம்பிமார் இருவருக்கும், கோபுரத்தைச் சாயாமல் பிடிக்கும் இழுகம்பி ஒன்றைத் தம் மதிலில் கட்ட இடந்தந்த பக்கத்து வீட்டு அம்மாவுக்கும், பத்துப் பேருக்குப் புட்டும் சம்பலும் செய்த என் மனைவிக்கும் நன்றி.

மாசி மாதத்து இரவொன்றில், கடலுக்கு மேலே வெப்பக் காற்று மூடிபோல் படிந்து வானொலி அலையைத் தொலைவுக்குக் கொண்டுசென்ற வேளையில், வெறும் 50 வாட்ஸுடன் தூத்துக்குடி நண்பர் ஒருவரோடு 25 நிமிடம் பேசினேன். மன்னார் வளைகுடாவுக்கு மேலாக ஏறத்தாழ 280 கிலோமீற்றர். இரட்டை யாகி தரும் கூடுதல் பலன் நடைமுறையில் இரண்டரை டெசிபெல் (சமிக்ஞையின் வலுவை ஒப்பிடும் அலகு) அளவுதான். ஆனால் அன்று அவர் குரல் இரைச்சலுக்குள் அமிழ்ந்து அமிழ்ந்து எழுந்தபோது, அந்த இரண்டரையை நான் காதால் கேட்டேன். பொறுமையாகத் திரும்பத் திரும்ப அழைத்த அவருக்கும் என் நன்றி.

நீண்ட ஏணியும் இரண்டு கப்பிகளும் இன்னமும் என் வீட்டிலேயே கிடக்கின்றன. உரியவர்கள் எந்த ஞாயிற்றுக்கிழமையும் வந்து எடுத்துச் செல்லலாம். மத்தியானச் சாப்பாட்டு நேரமாகப் பார்த்து வாருங்கள்.

நன்றியுடன்,
வெள்ளவத்தைக் கோபுர வீட்டுக்காரன்