வாங்கிய ரோந்துப் படகுகள் கடலில் இருக்க வேண்டாமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மத்திய உள்துறை அமைச்சகத்துக்கு 2025-26 பட்ஜெட்டில் சுமார் 2 லட்சத்து 33 ஆயிரம் கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. அதில் ஏறத்தாழ 1 லட்சத்து 60 ஆயிரம் கோடி, மத்திய ஆயுதக் காவல் படைகள் உள்ளிட்ட காவல் பணிகளுக்கானது. இவ்வளவு பெரிய தொகை தேவையா என்று நான் கேட்கவில்லை. நாட்டின் பாதுகாப்புக்குப் பணம் வேண்டும். அந்தப் பணத்தில் வாங்கிய பொருள் வேலை செய்கிறதா என்பதைக் கடற்கரையில் வாழ்பவன் என்ற முறையில் கேட்கிறேன்.

மும்பையில் 166 உயிர்களைப் பறித்த 2008 நவம்பர் 26 தாக்குதலைப் பலரும் நகரத்து விடுதிகளை வைத்தே நினைவில் வைத்திருக்கிறார்கள். எங்களைப் போன்றவர்களுக்கு அது கடல் வழியே வந்த தாக்குதல். கராச்சியிலிருந்து புறப்பட்ட 10 பேரும் நடுக்கடலில் ‘குபேர்’ என்ற குஜராத் மீன்பிடிப் படகைக் கைப்பற்றி, அதிலிருந்த மீனவர்களைக் கொன்றுவிட்டு, கடைசியில் ரப்பர் படகில் மீனவர் குடியிருப்பை ஒட்டிய கரையில்தான் இறங்கினார்கள். அதற்கு 15 ஆண்டுகளுக்கு முன்பு, 1993-இல், மும்பைத் தொடர் குண்டுவெடிப்புக்கான வெடிமருந்தும் ராய்கட் கடற்கரை வழியாகவே கொண்டுவரப்பட்டது.

மத்திய அரசின் கடலோரப் பாதுகாப்புத் திட்டம் 2005-ஆம் ஆண்டிலேயே தொடங்கப்பட்டுவிட்டது என்பது பலருக்குத் தெரியாது. பணமும் ஒதுக்கப்பட்டிருந்தது. ஆனால் அத்திட்டத்தின் 204 ரோந்துப் படகுகள் மாநிலங்களுக்கு வரத் தொடங்கியது தாக்குதலுக்குப் பிறகுதான். இரண்டாம் கட்டத்துக்கு 1,500 கோடிக்கும் மேல் அனுமதிக்கப்பட்டு, கூடுதலாக 131 கடலோரக் காவல் நிலையங்களும் 60 படகுத் துறைகளும் அறிவிக்கப்பட்டன. அந்தக் கட்டமும் 2020 மார்ச்சில் முடிந்தது. நிலையத்துக்கான ஆட்களை மாநில அரசே நியமித்துச் சம்பளம் கொடுக்க வேண்டும் என்பது தொடக்கம் முதலே உள்ள ஏற்பாடு. படகு ஒருவர் பணத்திலும் அதை ஓட்டுபவர் இன்னொருவர் பணத்திலும் என்று ஆகும்போது, பராமரிப்பு யார் பொறுப்பு என்ற கேள்வி இடையில் விழுந்துவிடுகிறது.

படகு என்பது ஜீப்பைப் போல நிறுத்தி வைத்துவிட்டு வேண்டும்போது எடுத்துக்கொள்ளக்கூடியது அல்ல. உப்புக்காற்றில் ஒரு மாதம் ஓடாமல் கிடந்தால் இன்ஜின் துருப்பிடிக்கும். அடியில் பாசியும் சிப்பியும் ஏறினால் வேகம் குறைந்துவிடும். அதனால்தான் எங்கள் ஊர் மீனவர்கள், கையில் காசில்லாத 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்திலும் வட்டிக்குக் கடன் வாங்கியாவது விசைப்படகைக் கரையேற்றி, அடியைச் சுரண்டி, வண்ணம் பூசிவிடுகிறார்கள். அதே ஊர்ப் படகுத் துறையில் கட்டப்பட்டிருந்த காவல் படகு ஒன்று, கயிறு பச்சை பிடித்துப்போகும் அளவுக்கு மாதக்கணக்கில் அசையாமல் நின்றதை நாள்தோறும் நடைப்பயிற்சிக்குப் போகும்போது பார்த்திருக்கிறேன்.

என் பழைய மாணவர் ஒருவர் ஃபைபர் படகில் தொழில் செய்கிறார். ஒருநாள் விடியற்காலையில் விளக்கில்லாமல் நின்ற அறியாத படகொன்றைக் கண்டு, ஜி.பி.எஸ். கருவி காட்டிய எண்களை ஐஸ் பெட்டி மூடியில் கரித்துண்டால் எழுதிக்கொண்டு, வலையைப் பாதியில் இழுத்துவிட்டுக் கரைக்கு வந்து கடலோரக் காவல் நிலையத்தில் தகவல் சொன்னார். ரோந்துப் படகு பழுதாக இருக்கிறது என்பதுதான் அவருக்குக் கிடைத்த பதில். அன்றைய டீசல் செலவும் மீன்பாடும் அவருக்குப் போனது. அடுத்த முறை அவர் கரைக்கு வருவாரா என்று நான் கேட்டபோது, சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “வருவேன் சார், நம்ம கடல்தானே” என்றார். அந்த மனதை வீணாக்கும் உரிமை யாருக்கும் இல்லை.

ஆட்கள் விஷயமும் இப்படித்தான். உள்மாவட்டத்திலிருந்து மாற்றலில் வரும் காவலர் கடலுக்குப் பழகுவதற்குள் அடுத்த மாற்றல் வந்துவிடுகிறது. குமட்டலோடு ரோந்து போகச் சொல்லி அவரைக் குறை கூறுவதும் நியாயமாகாது. தமிழகத்தில் மீனவ இளைஞர்களைக் கடலோர ஊர்க்காவல் படையில் சேர்த்தது நல்ல தொடக்கம். அவர்களை நிரந்தரப் பணியில் எடுத்து, படகோட்டும் ஸ்ராங்கு வேலையையே கொடுக்கலாம். நீரோட்டமும் காற்றும் பார்த்துப் படகைச் செலுத்துவது அவர்கள் சிறுவயதிலிருந்தே செய்துவரும் தொழில்.

எனவே, மத்திய, மாநில அரசுகள் அடுத்த மானியக் கோரிக்கையில் கடலோரப் பாதுகாப்புக்கான தொகையைப் படகு வாங்க எவ்வளவு, டீசலுக்கு எவ்வளவு, பழுதுபார்க்க எவ்வளவு என்று பிரித்துக் காட்ட வேண்டும். ஒவ்வொரு மாவட்டத்திலும் எத்தனை படகுகள் ஓடும் நிலையில் உள்ளன, கடந்த ஆண்டில் அவை எத்தனை நாள் கடலுக்குச் சென்றன என்பதைச் சட்டமன்றத்திலும் நாடாளுமன்றத்திலும் வைக்க வேண்டும். ரோந்துப் பாதையையும் நேரத்தையும் ரகசியமாக வைத்துக்கொள்ளட்டும். டீசல் கணக்கில் மறைக்க ஒன்றுமில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்,
கிழக்குக் கடற்கரைக் கிராமம் ஒன்றிலிருந்து.